வட்டிக்குப் போகாமல் வருடத்தை ஓட்ட

(2023 அக்டோபர் மாதக் குடும்ப நலக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தாய்மார்களே, சகோதரிகளே, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சகோதரர்களே! வீட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையில் கேட்டுக்கொண்டார்கள். நான் ஆலிமா இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள். ஆகவே மார்க்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கணக்குத்தான் போடப் போகிறேன். வரும்போது மின் கட்டண அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கொண்டு வந்தவர்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

முதலில் நம் ஊர் வருமானம் எப்படி வருகிறது என்று பாருங்கள். மாதச் சம்பளம் வாங்குகிற வீடு இங்கே எத்தனை? குற்றாலத்தில் கடை போடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், லாட்ஜில் வேலை செய்கிறவர், பழக்கடை, சிப்ஸ் கடை, அல்வாக் கடை வைத்திருப்பவர் எல்லாருக்கும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல் சீசன். அப்புறம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருகிற ஒரு சீசன். இரண்டும் முடிந்தால் மாசி, பங்குனி, சித்திரையில் அருவியில் தண்ணீரும் இருக்காது, கையில் காசும் இருக்காது. இந்த வருடம் ஆகஸ்டில் கேரளத்திலேயே மழை பொய்த்தது. மலைக்கு அந்தப் பக்கம் பொய்த்தால் இந்தப் பக்கம் சாரல் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம் பீடி சுற்றும் வீடுகள். வாரா வாரம் கூலி, இலை சரியில்லாத வாரம் அதிலும் குறைச்சல். வளைகுடாவிலிருந்து பணம் வருகிற வீடுகளிலும் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் தாமதமாகும்.

ஆனால் செலவுக்குச் சீசன் கிடையாது. அதோடு, அடுத்த ரமலான் மார்ச் மாதம் வருகிறது, பெருநாள் ஏப்ரலில். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அதாவது வருமானம் இல்லாத மாதங்களில்தான் பெரிய செலவு மூன்றும் வரிசையாக நிற்கின்றன. அந்த மாதங்களில்தான் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அந்த மாதங்களில்தான் குழுக் கடன் கொடுக்கிறவர்கள் தெருவுக்குள் வருகிறார்கள்.

2017 அக்டோபர் 23. அந்தத் தேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. நம் தென்காசிப் பக்கத்து ஏழைக் குடும்பம் ஒன்று, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் குழந்தைகளோடு உயிரை விட்டது. அவர்கள் நம் சமுதாயம் இல்லை. ஆனால் அவர்கள் கடன் வாங்கியது போன்ற இடங்களில்தான் நம் வீட்டுப் பெண்களும் கை நீட்டுகிறார்கள். 2003-லேயே கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது என்பதற்காகக் கடன் கொடுத்தவன் வாசலுக்கு வராமல் இருப்பதில்லை. யாராவது இப்போது அந்தச் சிக்கலில் இருந்தால் தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். ஜமாஅத்தில் சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் ஆட்சியரின் குறைதீர் நாளிலும் மனுக் கொடுக்கலாம், கூட வருவதற்கு ஆள் இருக்கிறது.

இப்போது முதல் கணக்கு. இருபதாயிரம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். நூற்றுக்கு மூன்று, மாதத்துக்கு. மாதம் 600 ரூபாய். வருடம் 7,200. மூன்று வருடத்தில் 21,600 கொடுத்தாகிவிடும், இருபதாயிரம் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்று நமக்குத் தெரியும், அதை ஹஜ்ரத் ஜும்ஆவில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு கேள்வி. கடன்காரனுக்கு மாதா மாதம் கொடுக்க முடிகிற அந்த 600 ரூபாய், கடன் வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்குள் எங்கே இருந்தது? எங்கேயோ இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் இப்போது எப்படிக் கொடுக்கிறோம்? இன்றைக்கு அந்த 600 ரூபாயைத் தேடுவதுதான் வேலை.

மார்க்கம் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன் என்றேன். கஞ்சத்தனமும் சிக்கனமும் வேறு. பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம், அதை நான் சொல்லித் தர மாட்டேன். வீண் விரயத்தையும் கைமூடித்தனத்தையும் சேர்த்தே தடுத்த மார்க்கம் நம்முடையது. ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளு செய்யும்போது தண்ணீரை விரயமாக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக ஹதீஸ் கிதாபுகளில் இருக்கிறது. அவர்கள் ஒளு செய்ய எடுத்தது ஒரு முத்து அளவுத் தண்ணீர். இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு, இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்குள். நாம் குழாயைத் திறந்துவிட்டு, ஒளு முடிகிறவரை மூடுவதில்லை. சிற்றாறு ஓடுகிற ஊர், அருவி கொட்டுகிற ஊர் என்பதால் நமக்குத் தண்ணீரின் அருமை கொஞ்சம் குறைவுதான். தண்ணீருக்கும் கரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அட்டையை எடுங்கள்.

போன வருடம், 2022 செப்டம்பரில், வீட்டுக் கரண்ட் கட்டணம் மாறியது. இந்த வருடம் நமக்கு ஏற்றவில்லை, ஆகவே அதே கணக்குத்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டேகால் ரூபாய். 201 முதல் 400 வரை நாலரை ரூபாய். 401 முதல் 500 வரை ஆறு ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் ஓடினால் 225, அதோடு 900, அதோடு 600. மொத்தம் 1,725 ரூபாய்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். 501 யூனிட் ஓடினால் என்ன ஆகும்? ஒரு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கூடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை கிடையாது. 101-லிருந்தே நாலரை ரூபாய் போட்டுவிடுவார்கள். அப்போது 300 யூனிட்டுக்கு 1,350, அடுத்த நூறுக்கு 600, கடைசி ஒன்றுக்கு 8. மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! ஒரு இரவும் பகலும் ஒரு ஃபேனை நிறுத்தாமல் விட்டால் அந்த ஒரு யூனிட் ஓடிவிடும்.

அட்டையில் பாருங்கள். யாருக்கு 510, 520, 540 என்று இருக்கிறது? கையைத் தூக்குங்கள். (பலர் கை தூக்கினார்கள்.) பார்த்தீர்களா, இத்தனை பேர். இவர்கள்தான் இன்றைக்கு முதலில் லாபம் பார்க்கப் போகிறவர்கள். 540 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 2,270 ரூபாய் வரும். அதே வீடு 40 யூனிட் குறைத்தால் 1,725. மிச்சம் 545 ரூபாய். 300 யூனிட் ஓடுகிற வீட்டில் அதே 40 யூனிட்டைக் குறைத்தால் 180 ரூபாய்தான் மிஞ்சும். ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே யோசனை பொருந்தாது. உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். ரீடிங் எடுத்துவிட்டுப் போன நாளில் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தடவை எழுதுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் பார்க்கும்போது 375-க்குள் இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். 400-ஐத் தாண்டியிருந்தால் மீதி பதினைந்து நாள் கொஞ்சம் கையைக் கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கழித்தல் கணக்கும் வரும், யார் லைட்டை அணைக்கவில்லை என்று உங்களை விட அது கண்டிப்பாகவும் பார்க்கும்.

நாற்பது யூனிட்டை எங்கே குறைப்பது? பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் தின்கிறது. இப்போது பி.எல்.டி.சி. என்று ஒரு ஃபேன் வருகிறது, 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். அதற்கு 27 யூனிட் போதும். சரியாக நாற்பது யூனிட் வித்தியாசம். விலை மூவாயிரம் ரூபாய் பக்கம் சொல்கிறார்கள். 540 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு ஒரு வருடத்துக்குள் அந்த விலை திரும்பி வந்துவிடும். 300 யூனிட் வீட்டுக்கு அவசரமில்லை. பழைய ஃபேன் கெட்டுப் போகும்போது, காயில் கட்டுவதற்குப் பதிலாக இதை வாங்கினால் போதும். கடன் வாங்கி ஃபேன் மாற்றாதீர்கள், அது என் பேச்சைத் தலைகீழாகக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர் மோட்டார். ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். தொட்டி நிறைந்து, மாடியிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறதே, அது தினமும் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 22 யூனிட். ஒளுவில் குழாயை மூடாததும் இங்கேதான் வந்து சேர்கிறது. சாரல் காலத்தில் வெந்நீர் ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று. இரண்டாயிரம் வாட் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். நம் ஊரில் தேங்காய்ச் சிரட்டைக்கும் மட்டைக்கும் பஞ்சமா? முற்றம் உள்ள வீட்டில் ஒரு பானைத் தண்ணீரை அதில் சுட வைத்துக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டியைத் தினம் ஒரு சட்டைக்காகச் சூடேற்றுவதை விட்டு, வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகத் தேய்த்துவிடுங்கள். குண்டு பல்பு இன்னும் எரிகிற வீடு இருந்தால் அதை இன்றைக்கே கழற்றுங்கள். 60 வாட் எடுக்கிற இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு அதைவிட நல்ல வெளிச்சம் தரும்.

கரண்டைப் பற்றியே அதிக நேரம் பேசிவிட்டேன். ஆனால் மிச்சம் அங்கேதான் அதிகம் இருக்கிறது, அதுவும் யார் வயிற்றையும் காயப்போடாமல்.

அடுத்து கேஸ். ஆகஸ்ட் 30-ஆம் தேதி முதல் சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைத்தார்கள், ஆனாலும் 900-ஐத் தாண்டுகிறது. சிலிண்டர் வந்ததும் அதன் மேல் வளையத்தைப் பாருங்கள். வெற்றுச் சிலிண்டரின் எடை அதில் எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வருவதுதான் மொத்த எடை. கொண்டு வருகிறவரிடம் தராசு இருக்க வேண்டும், நிறுத்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பில்லில் உள்ள தொகைக்கு மேல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மாடிப்படி ஏறி வந்த பிள்ளைக்கு மனமுவந்து பத்து ரூபாய் கொடுத்தால் அது வேறு.

மாட்டிய தேதியைச் சிலிண்டருக்கு மேல் சுவரில் எழுதுங்கள். 35 நாள் வருகிற சிலிண்டரை 42 நாள் ஆக்க முடியுமா? பருப்பையும் கடலையையும் இரவே ஊறப் போடுங்கள். அடுப்பின் தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நக்கினால், அவ்வளவும் காற்றுக்குப் போகிற காசு. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் அடைப்பை எடுத்துக் கழுவுங்கள். நீலமாக எரிய வேண்டும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது தெர்மல் குக்கர். அரிசியைக் கொதிக்க வைத்து உள்ளே இறக்கி மூடினால், அடுப்பே இல்லாமல் அது தானாக வெந்துவிடும். பீடி சுற்ற உட்காருகிற பெண்களுக்கு இன்னொரு வசதி, நடுவில் எழுந்து சோறு வடிக்க வேண்டியதில்லை. இப்படி ஏழு நாள் கூடினால் வருடத்துக்கு ஒன்றரைச் சிலிண்டருக்கு மேல் மிச்சம். மாதக் கணக்கில் 120 ரூபாய் சொச்சம்.

ரேஷன். இதில் நம்மில் சில வீடுகளுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. வளைகுடாவில் மகன் இருக்கும்போது ரேஷன் கடை வரிசையில் நிற்பதா என்று. து.பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி விலையில்லாமல். வெளியில் துவரம் பருப்பு இன்றைக்கு 150-க்கு மேல் விற்கிறது. ஒரு கிலோவில் 120 ரூபாய் மிச்சம். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதில் என்ன குறைச்சல்? அடகுக் கடை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பதுதான் குறைச்சல். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டாத அரிசியை வாங்கி விற்காதீர்கள். அது தவறும், சட்டப்படி குற்றமும்.

காய்கறிக்கு இந்த ஜூலையில் பட்ட பாடு மறந்திருக்காது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. அப்போதும் கிலோக் கணக்கில் வாங்கினவர்கள் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் தக்காளி இல்லாமல் ஆணம் காய்ச்சவில்லையா? புளி இருக்கிறது, புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே விளைகிறது. விலை ஏறின காயை ஒரு மாதம் விட்டுவிட்டால் அது தானாக இறங்கி வரும். பாவூர்சத்திரம் சந்தைக்குத்தான் சுற்று வட்டாரத்துக் காய் எல்லாம் வந்து இறங்குகிறது. நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து சின்ன வெங்காயத்தையும் தேங்காயையும் மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் தெருக்கடை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கையில் நிற்கும். டவுன் பஸ்ஸில் நமக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. சாரல் மாதங்களில் மட்டும் வெங்காயத்தை அதிகம் வாங்காதீர்கள். ஈரக் காற்றில் அழுகிவிடும், மிச்சம் பிடித்தது குப்பைக்குப் போகும்.

மளிகைக் கடைப் பற்று நோட்டு பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பற்று வைத்து வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, தராசைப் பார்ப்பதில்லை, கடைக்காரர் கொடுத்த ரகத்தை வாங்கிக்கொண்டு வருகிறார். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், கடன்பட்ட வாய் பேசாது. சீசன் காசு வந்ததும் முதல் வேலையாக அந்த நோட்டில் கோடு போட்டு முடியுங்கள். அடுத்த நாளிலிருந்து சிட்டை எழுதிக் கொண்டுபோய்க் காசு கொடுத்து வாங்குங்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எல்லாம் பெண்களுக்குத்தான் என்று. உங்களுக்கும் ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது. டீயும் வடையும் ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்று வையுங்கள், நாளைக்கு மூன்று தடவை. மாதம் 1,800. இதில் ஒரு தடவையைக் குறைத்தாலே நாம் தேடுகிற 600 ரூபாய் வந்துவிட்டது! வீட்டில் பெண்கள் பருப்பை ஊறப்போட்டு மிச்சம் பிடிக்கும் காசை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியுமாக முடித்துவிட்டு வருகிறீர்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மணத்துக்கு முன்னால் நானும் மனுஷிதான். வாரா வாரம் போகாமல் மாதம் ஒரு தடவை, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிக்காஹ் விருந்தைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன், ஜமாஅத்தில் எத்தனையோ முறை பேசியாயிற்று. ஐந்நூறு பேருக்கு அழைப்பு, எழுநூறு பேருக்குச் சமையல், மிச்ச பிரியாணி குழியில். இதற்கு வாங்கிய கடனைப் பெண்ணைப் பெற்றவர் வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறார். ரமலானிலும் அப்படித்தான். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள், அதை வாங்கி வைத்துவிட்டு வீட்டில் ஏழு வகைப் பலகாரம். நோன்பு மாதத்தில் மளிகைச் செலவு கூடுகிறது என்றால் நாம் எதையோ மாற்றிச் செய்கிறோம். பெருநாள் துணியை ரமலான் இருபதுக்கு மேல் வாங்கினால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. ஜனவரியிலேயே, ஐயப்ப சீசன் காசு கையில் இருக்கும்போதே, எடுத்து வைத்துவிடுங்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு அளவு பெரிதாக.

சரி, மிச்சம் பிடித்தாகிவிட்டது. எங்கே வைப்பது? பல வீடுகளில் சிக்கனம் இங்கேதான் தோற்கிறது.

அரிசிப் பானையில் வைக்காதீர்கள். இந்த மாதம் 7-ஆம் தேதியோடு இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வங்கியில் மாற்றும் கெடு முடிந்தது. அதற்கப்புறம் பானைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்டவர்கள் நம் தெருவிலேயே உண்டு. இனி ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் மாற்ற முடியும், நமக்குப் பக்கம் திருவனந்தபுரம். தபாலிலும் அனுப்பலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்படி யாரிடமாவது இருந்தால் தரகரிடம் கொடுத்துவிடாமல் அலுவலகத்தில் வந்து கேளுங்கள்.

வங்கிக் கணக்கு இருக்கட்டும், ஆனால் குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். போன மாதம் 15-ஆம் தேதி முதல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறதே, இருப்பு குறைவு என்று அதிலேயே பிடித்துக்கொண்ட செய்தியைப் பத்திரிகையில் பார்த்தோம். கணக்கை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். கணக்கில் ஏறுகிற வட்டியைத் தனியாகக் கழித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஆலிம்கள் சொல்லும் வழி. விவரம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆயிரம் ரூபாயை முடிந்தவர்கள் தொடாமல் விடுங்கள். இந்த அக்டோபரிலிருந்து மார்ச் வரை விட்டால் ஆறாயிரம், ரமலான் மளிகைக்கு அது போதும். மாதம் 600 மிச்சம் பிடித்தால் ஜூனுக்குள் இன்னொரு ஐயாயிரத்து நானூறு, பள்ளிக்கூடச் செலவுக்கு. இரண்டு பெரிய செலவும் கடனில்லாமல் முடிந்தன.

சீட்டு கட்டுவதானால், தெரிந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, தள்ளுபடி இல்லாமல், குலுக்கிப் போட்டு எடுக்கிற சீட்டு நல்லது. எல்லாரும் கட்டினது அவ்வளவும் ஒருவருக்கு முழுசாகக் கிடைக்கும். ஏலச் சீட்டில் தள்ளிக் கேட்டு எடுப்பது கூடுமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். கணக்கு ஆசிரியையாக எனக்குத் தெரிந்தது, அவசரக்காரர்தான் அதில் எப்போதும் நஷ்டப்படுகிறார். பதிவு செய்யாத ஆளிடம் பெரிய தொகை கட்டவே வேண்டாம்.

நகை வாங்கிச் சேமிக்கிறேன் என்பார்கள். உடுத்திக்கொள்ள ஆசைப்பட்டு வாங்கினால் வாங்குங்கள். சேமிப்பு என்று சொல்லி வாங்காதீர்கள். செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் வாங்கிய அன்றைக்கே போய்விடுகிற காசு. சேமிப்புக்கு என்றால் காசாக எடுங்கள். நகை எடுத்தால் இந்த ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்து எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம். உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு உதவித்தொகை கொடுக்கிறது. இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை, பிள்ளையின் மதிப்பெண் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் நாளை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து போட்டுத் தருகிறார்கள்.

நகை அடகில் உள்ளவர்களுக்கும் ஒரு செய்தி. ரசீதோடு வந்து பெயர் கொடுத்தால், வட்டி கூடின கடையில் இருப்பதை முதலில் மீட்பதற்கு அறக்கட்டளையின் அழகிய கடனிலிருந்து உதவ முடியுமா என்று பார்ப்பதாகப் பொறுப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். வட்டி கிடையாது, அசல் மட்டும் மாதத் தவணையில். இதுவரை கடைக்குக் கொடுத்த வட்டித் தொகையையே தவணையாகக் கட்டினால் போதும். பெயர் விவரம் வெளியே போகாது. பெண்கள் பெண்களிடமே கொடுக்கலாம், வாசலில் மேசை போட்டிருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அட்டை வேண்டாம், மீட்டர் நோட்டைக் கொண்டு வாருங்கள். எட்டு வெள்ளிக்கிழமை எழுதியிருக்க வேண்டும்.